நீங்கள் சாகாத இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

என் அருமை மதினி,

நீங்கள் இப்போது ஒரு புள்ளியாக இருக்கிறீர்கள். சிவப்பு. கடுகளவு. என் மேஜைத் திரையில், அருப்புக்கோட்டையின் கிழக்கு ஓரத்தில், திருச்சுழி ரோட்டில், கல்யாண மண்டபத்து பஸ் நிறுத்தத்துக்கு முன்னால்.

நீங்கள் அங்கே சாகவில்லை. எனக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியும். கண்டக்டர் ராசாமணி அண்ணனுக்குத் தெரியும். வரைபடத்துக்கு மட்டும் தெரியாது.

நாளை காலை ஒரு கூட்டம் இருக்கிறது. அதற்கு முன் இதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும். பயமாக இருக்கிறது, மதினி. பயம் என்று சொன்னால் சிரிக்காமல் கேட்கிற ஆள் நம் வீட்டில் நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள்.

முதலில் என் வேலையைச் சொல்கிறேன். நான் மதுரையில் படித்துக்கொண்டிருந்தபோது, "படிச்சு முடிச்சு என்னத்தடி பண்ணப்போற?" என்று கேட்பீர்கள். "ஊர வரையப்போறேன் மதினி" என்பேன். "மொதல்ல வாசல்ல ஒரு கோலத்த ஒழுங்கா வரை." அதற்குமேல் பேச்சு இருக்காது.

இப்போது உண்மையாகவே ஊரை வரைகிறேன். சாலைத் துறை அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு போலீஸ் பதிவு இருக்கிறது. நாள், நேரம், இடம், மோதிய வண்டி, அடிபட்டவர் ஓட்டி வந்தவரா நடந்து வந்தவரா, காரணம். ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக வரைபடத்தில் வைப்பது என் பொறுப்பு. நடந்து வந்தவர்களுக்குச் சிவப்பு. புள்ளிகள் எங்கே கொத்தாக விழுகின்றனவோ, அங்கே சாலையை மாற்றுவார்கள். கடக்கிற இடத்தை ஒரு சாண் உயர்த்திக் கட்டுவார்கள். வண்டி தானாக வேகம் குறைக்கும். நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டு வைப்பார்கள்.

அதாவது, செத்தவர்கள் கைகாட்டுகிறார்கள். இங்கே கட்டுங்கள் என்று.

கை தப்பான பக்கம் காட்டினால்?

அந்த நாளை உங்களுக்கே சொல்வது விசித்திரம்தான். ஆனாலும் சொல்கிறேன். இதுவரை நான் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை.

திருச்சுழி தாலுகா ஆபீஸுக்கு எதிரே அந்த ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்க மனு எழுதிவிட்டு, ஐந்தரை மணிக்கு இங்கே வந்து சேர்கிற பஸ்ஸில் வருவீர்கள். மண்டபத்து நிறுத்தம் நம் தெருவைத் தாண்டி அரைக் கிலோமீட்டர் தள்ளி. அதனால் நம் தெருப் பெண்களுக்காக ராசாமணி அண்ணன் தெருமுனையிலேயே விசில் கொடுப்பார். அங்கே நிறுத்தக்கூடாது என்பது பஸ் முதலாளியின் உத்தரவு. தெரிந்தால் வேலை போகும். தெரிந்தேதான் நிறுத்தினார்.

"மகராசிகளா, எறங்குங்க. ஆரத்தியா எடுக்கணும்?" என்பார்.

"தட்டு வச்சிருக்கீகளாண்ணே?" என்று கேட்பது எப்போதும் நீங்கள்.

நான் அன்று விடுமுறைக்கு வந்திருந்தேன். தெருமுனையில் நின்றேன். சாலைக்கு அந்தப் பக்கம் பஸ். இந்தப் பக்கம் நான். என் வலது கைப்பக்கம், மேற்கே, சூரியன் சாலைமேலேயே உட்கார்ந்திருந்தது. பஸ்ஸுக்கு முன்னால் இருந்து நீங்கள் வந்தீர்கள். பின்னால் வந்த மினி லாரி பஸ்ஸை முந்தியது.

நான் கையைத் தூக்கினேனா? "வாங்க மதினி" என்று கூப்பிட்டேனா? என்னைப் பார்த்துத்தான் வேகமாக வந்தீர்களா? இன்றுவரை தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் துணிச்சல் இல்லை.

பயந்துபோன லாரி டிரைவர் நிற்காமல் ஓட்டினார். மண்டபத்து வாசலில் ஆட்கள் மறித்தார்கள். அதனால் லாரி நின்ற இடம் மண்டபம். அவர் வெளியூர்க்காரர். இடத்தின் பெயரெல்லாம் அவருக்குத் தெரியாது. "வெயிலு கண்ணக் கட்டிருச்சுங்க, ஒண்ணுமே தெரியல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். யாரும் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்று எனக்குப் போன வாரம்தான் புரிந்தது.

ஆஸ்பத்திரி நடையில் ராசாமணி அண்ணன் உட்கார்ந்திருந்தார். டிக்கெட் பை இன்னும் தோளில் தொங்கியது. "நாந்தான் கொன்னுட்டேன், நாந்தான் கொன்னுட்டேன்" என்று அந்தப் பையிடமே சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் என்னைச் சுவரோரமாக இழுத்துப் போனார்.

"தேனு, ஏட்டையா கேட்டா மண்டபத்து ஸ்டாப்புன்னு சொல்லிரு. இந்த மனுசன் என்ன தப்புப் பண்ணாரு? நம்ம பொம்பளைக கேட்டதுக்குத்தான நிப்பாட்டுனாரு. உன் மதினி இருந்தா அவளும் இதத்தான் சொல்லுவா."

நேரில் பார்த்தவள் நான். ஏட்டையா கேட்டார். மண்டபத்து நிறுத்தம் என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

ஒரு நல்லவரைக் காப்பாற்றினோம். அப்படித்தான் நினைத்தோம். அரைக் கிலோமீட்டர் தள்ளிச் சொன்னதால் யாருக்கு என்ன?

போன வாரம் அலுவலகக் கூட்டத்தில் திருச்சுழி ரோட்டை ஆய்வுக்கு எடுத்தார்கள். திரையில் பக்கங்களைத் திருப்புகிற வேலை எனக்கு. பொறியாளர் நல்ல மனிதர். உண்மையாகவே கவலைப்படுகிறவர். மண்டபத்துக் கொத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரோடு அகலமா இருக்கு. மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. மண்டபத்துக்கிட்ட ரோடு வளையுது, வெயிலும் கட்டடத்துக்குப் பின்னால போயிருது. எல்லாமே சாயங்காலம், நல்ல வெளிச்சம். அப்புறம் ஏன் இங்க மட்டும் சாகுறாக?"

யாரோ சொன்னார்கள், "பராக்குப் பாத்துக்கிட்டே நடந்தா?"

"அப்படித்தான் இருக்கணும். ஒரு கம்பித் தடுப்பு, ஒரு எச்சரிக்கைப் பலகை. இங்க அது போதும்."

உங்கள் பதிவில் காரணம் என்கிற கட்டத்தைத் திறந்தேன். 'பாதசாரியின் கவனக்குறைவு.' அதுவரை அதை நான் படித்ததில்லை. படிக்காமலேயே புள்ளி வைத்திருக்கிறேன்.

மதினி, நீங்களா? பிழையாக எழுதிய மனுவைக் கிழித்துப் போட்டு மறுபடி எழுதுகிற நீங்களா? யார் வந்து எந்த மனு கேட்டாலும், "மொதல்ல நாலெல்ல சொல்லுங்க. வடக்க என்ன, தெக்க என்ன? எடம் தப்பாப் போனா மனுவே தப்பு" என்று பிடிவாதம் பிடித்த நீங்களா?

இடத்தை மாற்றிச் சொன்னது நாங்கள். அந்த இடத்தில் ஒரு மரணத்துக்குக் காரணமே இல்லை. அதனால் காரணம் உங்கள் தலையில் வந்து விழுந்தது.

அந்தக் கட்டத்தை மூடினேன். அடுத்த பக்கம் திருப்பினேன்.

வரைபடத்தில் நம் தெருமுனையைத் தேடினேன். அங்கே ஒரு புள்ளிகூட இல்லை. இந்தச் சாலையிலேயே பத்திரமான இடம் அதுதான் என்கிறது என் வரைபடம்.

அன்று சாயங்காலம் போய் நின்றேன். பஞ்சர் கடைக்குப் பக்கத்தில், பஸ் நிற்கிற அதே ஓரத்தில், கிழக்கிலிருந்து வருகிற டிரைவர் பார்ப்பதுபோல மேற்கே பார்த்து. ஐந்தரை மணி. ஒன்றும் தெரியவில்லை. நிஜமாகவே ஒன்றும். சாலை வெள்ளையாக எரிந்தது. எதிரே நடந்து வந்தவர் அருகில் வரும்வரை நிழலாகக்கூட இல்லை. இந்த ஓரத்துக் கருவேலமரங்களைச் சாலை அகலப்படுத்தியபோது வெட்டிவிட்டார்கள். கரிசலும் வானமும்தான் மிச்சம். வெயிலுக்குக் குறுக்கே எதுவும் இல்லை.

அந்த டிரைவர் பொய் சொல்லவில்லை, மதினி. நாங்கள்தான் சொன்னோம்.

பஸ் வந்தது. நின்றது. பெண்கள் இறங்கினார்கள். கடைசியாக ஒரு நீலப் பாவாடை. கார்த்திகா. உங்கள் மகள் இப்போது திருச்சுழிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். உங்கள் உயரத்துக்கு வந்துவிடுவாள் போலிருக்கிறது. பஸ்ஸுக்கு முன்னால் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"நில்லுடி!" என்று கத்தினேன். ஊரே திரும்பிப் பார்த்தது.

"என்ன அத்தை, மானத்த வாங்குறீக? எனக்கு ரோடு கடக்கத் தெரியாதா?"

"வெயிலு..."

"வெயிலு தினமும்தான் அடிக்குது." ஓடியே கடந்துவிட்டாள். அந்தப் பக்கம் போய் நாக்கைத் துருத்தினாள். நான் அங்கேயே பஞ்சர் கடை டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த தெருப் பாக்கியம் அக்காவைத் தெரியுமே உங்களுக்கு. அவர் வீட்டுக்காரர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அதே பஸ், அதே நேரம். அவர் புள்ளியும் மண்டபத்தில்தான் இருக்கிறது, உங்கள் புள்ளியை ஒட்டி. சந்தேகம் வந்தது. போய்க் கேட்டேன். பூ கட்டிக்கொண்டிருந்தார். நார் நிற்கவே இல்லை.

"அக்கா, அண்ணாச்சி எங்கன அடிபட்டாக?"

"தெருமுனையிலதான். ஏத்தா கேக்குற?"

"ஆனா எழுதினதுல மண்டபம்னு இருக்கே."

"ஆமா. அப்படித்தான் சொன்னோம். நம்ம ராசாமணி வேலைக்கு ஒல வச்சிரக்கூடாதுல்ல." பூவை நறுக்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்க வீட்டுல அப்படித்தான சொன்னீக? அதையேதான் நாங்களும் சொன்னோம்."

உங்க வீட்டுல அப்படித்தான சொன்னீக.

நான் சொன்ன ஒரு பொய் தெருவின் வழக்கமாகிவிட்டது. உங்களுக்குப் பின்னால் அடிபட்டவர்களை எல்லாம் ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு போய் மண்டபத்து வாசலில் வைத்திருக்கிறோம். அன்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால்? அந்த அண்ணாச்சி இன்று வீட்டு வாசலில் உட்கார்ந்து பாக்கியம் அக்காவுக்கு நார் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருப்பாரா? இந்தக் கேள்வியோடு எப்படித் தூங்குவது? நீங்கள் சொல்லுங்கள்.

அண்ணனிடம் பேசினேன். உங்களுக்குத் தெரியாது, அண்ணன் இன்றுவரை தெருமுனைப் பக்கம் போவதில்லை. டவுனுக்குப் போக கண்மாய்க்கரை வழியாகச் சுற்றுகிறார். கார்த்திகாவின் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை.

"எதுக்குத்தா இப்ப அதக் கெளறுற? அஞ்சு வருசமாச்சு. நீ பொய் சொன்ன, நான் சொல்லச் சொன்னேன்னு ஊருக்கெல்லாம் தெரியணுமா? உன் வேல என்னாகும்? ராசாமணி அண்ணே என்ன ஆவாரு?"

"கார்த்திகா அங்கதாண்ணே எறங்குறா."

"மண்டபத்துல எறங்கச் சொல்லுறேன்."

"சொல்லிப் பாத்தாச்சு. நீங்களும்தான் சொல்லியிருக்கீக."

எண்ணெய் தரையில் சொட்டியது. நான் திரையில் படித்ததைச் சொன்னேன். கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறது என்றேன்.

"யாரு, அவளா?" எழுந்தே விட்டார். "வீட்டப் பூட்டிட்டு நாலு தடவ இழுத்துப் பாப்பாளே அவ! எந்தப் பய எழுதுனான் அத?"

"நாமதாண்ணே."

சைக்கிள் சக்கரம் வெகுநேரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் திருச்சுழிக்குப் போய், உங்கள் பஸ்ஸில் திரும்பினேன். வேண்டுமென்றேதான். உங்கள் ஜன்னல் சீட்டில் ஒரு மல்லி மூட்டை உட்கார்ந்திருந்தது. ராசாமணி அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. வாய் மட்டும் நரைக்கவில்லை. "மூட்டைக்கு டிக்கெட்டு எடுத்தாச்சா, இல்ல அது ஒங்க சொந்தக்காரரா?" என்று ஒரு பெரியவரிடம் வம்பு பண்ணிக்கொண்டிருந்தார். கூட்டம் குறைந்ததும் பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வரைபடம், புள்ளி, கம்பித் தடுப்பு, பாக்கியம் அக்கா. அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"இன்னைக்கு ஒண்ணு காட்டுறேன் பாரு, தாயி" என்றார்.

தெருமுனை வந்தது. அவர் விசில் கொடுக்கவில்லை. பஸ் தாண்டியது. பெண்கள் கொதித்தார்கள்.

"ஏண்ணே, தூங்கிட்டீகளா?"

"விசில முழுங்கிட்டாரு போல!"

மண்டபத்தில்தான் நிறுத்தினார். என்னோடு அவரும் படியில் இறங்கி நின்றார். பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே வந்த வழியில் திரும்பி நடந்தார்கள். நடைபாதை இல்லை. சாலை ஓரம்தான். எதிரே வருகிற ஒவ்வொரு வண்டிக்காரனுக்கும் கண்ணில் வெயில். தெருமுனைக்கு எதிரே போய்ச் சேர்ந்து, சரியாக நீங்கள் கடந்த இடத்தில் கடந்தார்கள். எல்லோரும்.

"பாத்தியா?" என்றார். "எங்கன எறக்குனாலும் அங்கனதான் கடக்குறாக. வீடு அங்கன இருக்கு. பஸ்ஸு நிப்பாட்டுனதால சாகல, தாயி. கடக்க வழி இல்லாததால செத்தாக. இது தெரியாம நான் அஞ்சு வருசமா..."

"நடந்த எடத்த உள்ளபடி மனுவா எழுதவாண்ணே?"

டிரைவர் ஹாரன் அடித்தார். ராசாமணி அண்ணன் ஒரு காலைப் படியில் வைத்தார்.

"எழுது. எம் பேரையும் போட்டுரு. பயமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் புள்ள கார்த்திகா எறங்குறப்ப தினமும் எனக்கு இதவிடப் பயமா இருக்கு."

அதனால்தான் இந்தக் கடிதம்.

நாளை பத்து மணிக்குக் கூட்டம். புள்ளிகளைத் தெருமுனைக்கு மாற்றச் சொல்லி அங்கே மனுக் கொடுக்கப்போகிறேன். என்ன நடக்கும் என்று தெரியாது. நான் பொய்ச் சாட்சி என்று வெளியே அனுப்பலாம். ஒரு பொய் சொன்னவள் சொல்வதை எப்படி நம்புவது என்று உங்கள் புள்ளியையே நீக்கிவிடலாம். அப்போது நீங்கள் எங்குமே இருக்க மாட்டீர்கள். எனக்கு மிகப் பெரிய பயம் அதுதான். இல்லையென்றால், எல்லோரும் நம்பி, தலையாட்டி, கோப்பை மூடி வைத்துவிட்டு, தெருமுனையில் கடக்கிற இடத்தைக் கட்டுவதற்குள் ஒரு சாயங்காலம், ஐந்தரை மணிக்கு...

எழுதமாட்டேன். அந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன்.

பாக்கியம் அக்கா மனுவில் கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டார். இன்று சாயங்காலம் பஸ் வருகிற நேரத்துக்கு வீட்டில் அண்ணனைக் காணவில்லை. போய்ப் பார்த்தேன். ஐந்து வருடத்துக்குப் பிறகு, தெருமுனையில், சாலையின் அந்தப் பக்கம், கையில் ஒரு சிவப்புத் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். கார்த்திகாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. "அப்பா, நான் என்ன ரயிலா?" என்றாள். கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். மற்றப் பெண்களும் பின்னால் வந்தார்கள்.

சாலை மாறும்வரை ஒருநாள் அவர் நிற்பார், ஒருநாள் நான் நிற்பேன். இதை உங்களுக்கு வாக்காகத் தருகிறேன். நாளை என்னை வெளியே அனுப்பினாலும் ஐந்தரைக்கு அங்கே இருப்பேன். புள்ளியை நீக்கினால் மறுபடி மனுக் கொடுப்பேன். அதையும் நீக்கினால் மறுபடியும்.

மனுவை எழுதிவிட்டேன். உங்கள் முறைப்படிதான். சரியாக இருக்கிறதா, பாருங்கள்.

செல்வராணி என்பவர் இறந்த இடத்துக்கு நான்கெல்லை: கிழக்கே, மரங்கள் வெட்டப்பட்ட வெறும் ஓரம். மேற்கே, கண்ணைக் கட்டும் வெயில். தெற்கே, எங்கள் கஷ்டம் பார்த்து ஒருவர் நிறுத்திய பஸ். வடக்கே, நான்.

இப்படிக்கு,
சாலைக்கு இந்தப் பக்கம் நின்ற
உங்கள் நாத்தனார்
தேனு